சய ஒன்று

கரடிப்போக்குச் சந்தியில்
சீமெந்துக் கடைக்கு மேலே எங்கள் அலுவலகம்.
ஐந்து கொம்பியூட்டர், ஒரு ஏ.சி.,
கரண்ட் போனால் ஜெனரேட்டர் இழுக்க றெஜிதரன்.
இங்கே இருந்துதான்
லியோன் நகரத்தில் எழும்பப்போகும் ஒரு கட்டடத்துக்கு
நான் படி வைத்துக்கொண்டிருக்கிறேன்.

நாற்பத்தொரு மாடி.
இருபத்தேழாவதில் தீப்பிடித்தால்
சனம் எந்தக் கதவால் ஓடும் என்பது என் பொறுப்பு.
கதவு வெளிப்பக்கம் திறக்கவேண்டும்.
படி ஒன்று பதினேழு சென்ரிமீற்றர்,
ஒரு நூல் கூடினாலும் சிவப்பு மையில் திரும்பி வரும்.

லிஃப்டில் நான் ஏறியது ஒரே தரம்,
யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரியில்,
அம்மாவின் தள்ளுகட்டிலோடு. இரண்டு மாடி.
எங்கள் ஊரில் உயரமாய் நின்றது தண்ணீர்த் தாங்கி.
அது சரிந்து கிடக்கத்தான் நான் கண்டது.

காற்றடித்தால் உச்சி ஒரு சாண் ஆடும்,
ஆடாவிட்டால்தான் பயம் என்று
மத்தியூ எழுதியிருந்தார்.
நல்லது என்று பதில் போட்டேன்.

நேற்று வந்த கோப்பு நிலத்துக்குக் கீழே.
கார் நிறுத்த, குப்பை சேர்க்க, தண்ணீர் இறைக்க
நான்கு தளம்.
சய ஒன்று, சய இரண்டு,
எட்டாம் வகுப்புக் கணக்குப் போல.

சய ஒன்று எனக்குத் தெரியும்.
வலைஞர்மடத்து மணலில்
அப்பா கீறாமல் வெட்டிய பிளான்.
'ட' வடிவம். மேலே தென்னங்குற்றி,
அதற்கு மேலே
அம்மாவின் கூறைச்சேலையில் தைத்த மண்மூட்டை.
வெட்ட வெட்ட மணல் சரிந்தது.
ஏழு பேர். ஒரு வாசல்.
அந்த வாசல் பக்கம்தான் விழுந்தது.

சய நான்கில், பம்ப் அறைக்கும்
ஒரே ஒரு கதவு.
யாரும் கேட்காமல் இன்னொன்று கீறி அனுப்பினேன்.
பின்னேரம் பதில் வந்தது:
சட்டப்படி தேவையில்லை,
அங்கே ஆட்கள் இருக்கப்போவதில்லை, நீக்கவும்.
மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்.

நீக்கவில்லை.
தனி லேயரில் போட்டு அணைத்துவிட்டேன்.
அச்சில் வராது. யாரும் கட்டவும் மாட்டார்கள்.
லேயருக்குப் பெயர் கேட்டது கொம்பியூட்டர்.
தம்பியின் பெயரை அடித்தேன்.

ஆறு மணிக்குக் கீழே லொறி வந்திருந்தது.
இறக்கிய சீமெந்து முழுக்க
எங்கள் ஒற்றைப் படிக்கட்டில்
இடுப்பளவு அடுக்கிக் கிடந்தது.
"கொஞ்சம் பாத்து வாங்கோ அக்கா" என்றான் றெஜிதரன்.
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு
மூட்டைகளுக்கு மேலால் இறங்கினேன்.