ஒன்றரைப் பேர்

ஒரு மூட்டை சீமெந்து
எனக்கு ஒன்றரைப் பேர்.
முழுநாள் கொழுந்தும் அரைநாள் கொழுந்தும்
சாம்பல் நிறத்தில் சாக்குக்குள் கிடக்கிறது.
அப்புத்தளையில் நிஸாம் நானா கடையிலிருந்து
லயத்தடி வரைக்கும் ஆட்டோ,
அப்புறம் சூசையின் தோள்,
நூற்றுப் பன்னிரண்டு படி.
மழைக்கு முந்தி முடித்துவிடலாமென்று
மாசியில் தொடங்கினோம்.
இது ஐப்பசி.

முதலில் தரை என்றார் சூசை.
முதலில் புகை என்றேன் நான்.
மூன்று ஞாயிறு பேச்சிலேயே போனது.
நாலாம் ஞாயிறு
கூரை தானாக முடிவெடுத்தது:
நிலுக்ஷியின் கணக்குக் கொப்பியில்,
கூட்டல் குறிமேல் சரியாக ஒரு சொட்டு.

தகரத்தில் முப்பத்தொரு ஓட்டை எண்ணினோம்.
தாரும் துணியும் வைத்து அடைத்தோம்.
முப்பத்திரண்டாவது எங்கேயென்று
இன்னமும் தெரியவில்லை.
அதற்கொரு சட்டி வைத்திருக்கிறோம்.

பிறகு தரை.
வெள்ளைக் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பார்த்தோம்.
ஒரு நுனி வாசலில் அவர் கையில்,
மறு நுனி அடுப்படியில் என் கையில்.
"ஆட்டாத."
"ஆட்டல. மூச்சுதான் விட்டேன்."
இரண்டு பென்சில் கோடு.
நாலங்குல இறக்கம்.
பதினான்கு வருசமாக
கைதவறிய வெங்காயமெல்லாம் ஏன்
இஸ்தோப்புக்கே ஓடிற்று என்று
அன்றைக்குத்தான் விளங்கியது.

நிரப்பினால் ஆறு மூட்டை போகும்.
ஒன்பது பேர்.
சூசை குந்தியிருந்து தரையைத் தடவிப் பார்த்தார்,
மாட்டு வியாபாரி மாட்டைத் தடவுகிற மாதிரி.
சரிவு இருக்கட்டும் என்றார்.
கழுவிவிட்டால் தண்ணீர் தானாய்ப் போகுமே.
பெரிய யோசனைபோல நானும் தலையாட்டினேன்.

சட்டிமுட்டி அடுக்கத் தட்டு அடித்தபோது
ஆறங்குல ஆணி
அடுத்த காம்பராவுக்குள் போய்விட்டது.
சுத்தியல் நின்றதும்
சுவருக்கு அந்தப் பக்கம் தெய்வானை அக்காவின் குரல்:
"புடுங்கிராதீங்க, கலண்டர மாட்டிட்டேன்."
இப்போது எங்கள் தட்டில் குண்டான் ஆடினால்
அவர்கள் வீட்டில் தேதி ஆடும்.

ஜன்னல்தான் இழுத்தது.
பின்சுவர் இன்னொரு வீட்டின் பின்சுவர்.
பக்கச் சுவரில் தெய்வானை அக்காவின் கலண்டர்.
மலையைப் பார்ப்பது முன்சுவர் ஒன்றுதான்,
அதில் கைவைக்க ஆபீஸ் கடிதம் வேண்டும்.
கேட்டு எழுதி நாலு மாதம்.
போனால், தொரை லீவு.
அடுத்த முறை போனால், பைலைக் காணோம்.

சும்மா இருப்பானேன் என்று
அளவு கீற, சுண்ணாம்பைச் சுரண்டினோம்.
வெள்ளைக்குக் கீழே நீலம்,
நீலத்துக்குக் கீழே மஞ்சள்,
மஞ்சளுக்குக் கீழே புகைக்கரி,
கரிக்குள்
யாரோ ஆணியால் கீறிய ஒரு சதுரம்.

சூசை டேப்பை வைத்தார்.
மூன்றடிக்கு இரண்டரை.
எங்கள் அளவேதான்,
ஒரு சாண் கீழே.
குள்ளமான ஆளாக இருக்கலாம்.
உட்கார்ந்து பார்க்க நினைத்திருக்கலாம்.
எந்தக் கடிதத்துக்குக் காத்திருந்ததோ அந்தக் கை,
மேலே மூன்று தடவை வெள்ளையடித்து விட்டார்கள்.

நாங்கள் ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை.
அன்று போயா, ஆபீஸ் பூட்டு.
சூசை உளியை
எங்கள் பென்சில் கோட்டில் வைத்தார்.
நான் அவர் மணிக்கட்டைப் பிடித்து
ஒரு சாண் இறக்கினேன்.

நிலைச்சட்டம் இன்னும் தச்சரிடம் கிடக்கிறது.
அதற்கு நாலு பேர் பாக்கி.
துவாரத்துக்கு உரப்பை கட்டியிருக்கிறோம்,
காற்றடித்தால் உள்ளே உப்பி, வெளியே ஒட்டி.
நிலுக்ஷி அதன் ஓரத்தைத் தூக்கிச் சொருகிவிட்டு
பனி உள்ளே வர வர
தரையில் உட்கார்ந்தே கணக்குப் போடுகிறாள்.
பென்சிலை வைத்தால் உருளுகிறது,
காலால் தடுத்துக்கொள்கிறாள்.

கடிதம் வரட்டும்.
வந்தால் வாசிக்க
இப்போது வெளிச்சம் இருக்கிறது.