இரண்டாம் கணு

மே மாதம் நட்டோம்.
ரீகாவில், ஆற்றுக்கு அக்கரையில்,
பதினான்காம் எண் கட்டடத்து முற்றத்தில்
ஒரு கார் நிற்கிற அளவு இடத்தில்
ஒரு மக்னோலியா.
செண்பகத்துக்குத் தூரத்து உறவு,
குளிரைத் தாங்கும் பங்காளி.
குழி வெட்டியது நான்.
இடுப்பளவு வெட்டினேன்.
ஆழமென்றால் அக்கறை என்று நினைத்திருந்தேன் அப்போது.

ஜூன் பாதியில் இலை வெளுத்தது.
நரம்பு மட்டும் பச்சை,
விளிம்பெல்லாம் தீயில் காட்டிய தாள்.
வெல்தா காலையில் ஒரு வாளி ஊற்றினாள்.
மூன்றாம் மாடி மாணவர்கள் இரவில் ஒரு வாளி,
குடித்துவிட்டு வந்தால் இரண்டு.
யாரோ உரம் போட்டார்கள், யாரோ காப்பிச் சக்கை.
ஓர் எட்டு வயதுக்காரன்
தன் பிறந்தநாள் எலுமிச்சைச் சாற்றில் பாதியை.
நோயாளியைப் பார்க்க வந்தவர்கள்
ஆளுக்கொரு பை ஆரஞ்சை வைத்துவிட்டுப் போக
அவன் கஞ்சிகூட இறங்காமல் கிடப்பானே,
அப்படி.

இலை உதிரத் தொடங்கியதும்
எல்லார் கண்ணும் முதல் மாடிக்குப் போனது.
குந்தார்ஸ்.
பதினேழு வருடம் அவர் கார் நின்ற இடம் அது.
இப்போது தேவாலயத்துக்குப் பின்னால் நிறுத்திவிட்டு
நானூற்றுப் பத்து காலடி நடக்கிறார்.
எண்ணிக்கை அவருடையது, கேட்காமலே சொல்வார்.
பனிக்காலத்து உப்பு மூட்டையைக் காணோம் என்றாள் வெல்தா.
ஒரு கடிதம் எழுதிப் பலகையில் குத்தினோம்.
பெயர் போடவில்லை,
'யாராக இருந்தாலும்' என்று போட்டோம்.
மூன்றாவது கையெழுத்து என்னுடையது.

இரவு பதினொன்று.
ஜூனில் இங்கே அது இன்னும் இருட்டாத நேரம்.
மரத்தடியில் முழங்காலிட்டு ஓர் ஆள்,
கையில் ஏதோ மின்னுகிறது.
செருப்புப் போடாமல் இறங்கி ஓடினேன்,
கையும் களவுமாகப் பிடிக்க.

சூப் கரண்டி.

"கழுத்துவரை புதைத்திருக்கிறீர்கள்" என்றார், திரும்பாமல்.
"நான் பல் கட்டுகிறவன். மரம் தெரியாது.
ஈறு எங்கே இருக்கவேண்டும் என்று தெரியும்."
கரண்டி கரண்டியாக எடுத்தார்.
மண்ணில் பாசிக்குளத்து நாற்றம்.
ஒரு சாண் கீழே
அடிமரம் அகன்று வேராகத் தொடங்குகிற இடத்தில்
நீல நைலான் கயிறு,
பண்ணையில் யாரோ கட்டியது, எங்களில் யாரும் அவிழ்க்காதது,
பட்டைக்குள் பதிந்திருந்தது.
"யார் வெட்டிய குழி?"
ஒரு காலால் மறுகாலைச் சொறிந்துகொண்டு நின்றேன்.
"விளக்கைப் பிடி" என்றார்.

வாய்க்குள் நுழைகிற சின்னக் குறடு.
கயிறு அறுபட்டது, சத்தமே இல்லை.
ஒரு கிளையை நகத்தால் சுரண்டினார்: பழுப்பு.
அடுத்தது: பழுப்பு.
அதற்கும் கீழே, கவட்டுக்குப் பக்கத்தில்
நூலளவு பச்சை, ஈரமாக.
அவர் ஒன்றும் சொல்லவில்லை.
மூக்கால் மூச்சு விட்டார்.

மறுநாள் பலகை கொடுத்து
வேர்மண்ணோடு தூக்கி உயர்த்தினோம்.
மாணவர்களுக்குத் தலைவலி, ஆனாலும் வந்தார்கள்.
குந்தார்ஸ் ஓர் அட்டை எழுதித் தொங்கவிட்டார்:
விரலை மண்ணில் விடு.
இரண்டாம் கணுவரை காய்ந்திருந்தால் ஊற்று.
இல்லாவிட்டால் வீட்டுக்குப் போ.
வெல்தாவுக்குத்தான் கஷ்டம்.
காலையில் வெறும் வாளியோடு வந்து
சற்று நேரம் நின்றுவிட்டுப் போவாள்.

உப்பு மூட்டை ஆகஸ்டில் கிடைத்தது,
நிலவறையில், சைக்கிள்களுக்குப் பின்னால்.
கடிதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.
பலகையில் நான்கு குண்டூசி மட்டும் இருக்கிறது.

பாதி மரம் போய்விட்டது.
மீதிப் பாதியில், இந்தக் கார்த்திகைக் குளிரில்,
பூனைக்குட்டியின் பாதம்போல்
ரோமம் போர்த்திய மொட்டுகள் ஐந்து.
பூக்குமா என்று கேட்டால்
"நான் பல் கட்டுகிறவன்" என்கிறார்.

கார் இன்னும் தேவாலயத்துக்குப் பின்னால்தான்.
மழையில் நனைந்து வரும்போது திட்டுகிறார்,
எங்களையா மரத்தையா தெரியவில்லை.
திட்டிக்கொண்டே குனிந்து
கையுறையைக் கழற்றுகிறார்.