நாலு கிலோ நிறம்

தேவாலாவில் வெயிலைப் பார்த்து
இன்றோடு நாற்பத்தொரு நாள்.
நான் எண்ணவில்லை.
தீப்பெட்டிதான் கணக்கு வைத்திருக்கிறது:
ஒரு அடுப்புக்கு ஏழு குச்சி, எட்டுக் குச்சி.
ஜாடியில் உப்பு திரும்பக் கடலாகிவிட்டது.
முருகன் காலண்டரில் பூஞ்சை
மயிலின் கழுத்துவரை ஏறிவிட்டது.

ஹம்சா டெய்லர் வெட்டித் தள்ளிய துண்டுகளை
உரச் சாக்கில் அள்ளிக்கொள்ளச் சொன்னார்.
தராசில் வைத்தால் நாலு கிலோ.
பாதிக்கு மேல் பள்ளிக்கூடச் சீருடையின் சாம்பல்.
அதைத் திருப்பி அவர் மேசையிலேயே கொட்டினேன்.
சாம்பல் வானத்திடமே வேண்டிய மட்டும் இருக்கிறது,
நான் வேறு தைத்துத் தர வேண்டுமா?

மிஞ்சியவை:
யோகராணி மகள் சடங்குச் சட்டையின் கிளிப்பச்சை,
கைக்குழி வெட்டியதால் எல்லாம் பிறைப் பிறையாக.
மேல்மருவத்தூருக்கு மாலை போட்டவர்களின் சிவப்பு.
போன தேர்தலின் கொடித்துணி கொஞ்சம்,
எந்தக் கட்சியென்று சொல்ல மாட்டேன்,
நிறம் நல்ல நிறம்.
யாரோ ஒருத்தியின் முகூர்த்த ரவிக்கை, அரக்கு.
அப்புறம் ஒரு மஞ்சள்.
ஒரே ஒரு மஞ்சள், உள்ளங்கை அளவு.
யார் கொடுத்த துணியென்று
ஹம்சாவின் நோட்டுப் புத்தகத்திலும் இல்லை.

பகலெல்லாம் இடுப்பில் படங்கு கட்டிக் கொழுந்து பறித்து
காலில் அட்டை கடித்த இடத்தைச் சொறிந்தபடி
ராத்திரி எமர்ஜென்சி விளக்கில் தைத்தேன்.
ஊசி துருப்பிடித்தது. தலைமுடியில் இழுத்து இழுத்துத் தீட்டினேன்.
"சந்தையில் போர்வை முந்நூறு ரூபாய்தானே"
என்றார் ஜேசுராசன்.
"அது பழுப்பு" என்றேன்.
அதற்கு மேல் அவர் பேசவில்லை.
மஞ்சளை எங்கே வைப்பதென்று மட்டும்
மூன்று நாள் எனக்கே சொல்லத் தெரியவில்லை.
கடைசியில் நடுவில் வைக்கவில்லை,
ஓரமாக, கால் பக்கம் வைத்தேன்.
எந்த மேகம் விலகினாலும்
இங்கே வெயில் முதலில் படுவது தரையோரத்தில்தான்.

தைத்து முடித்துத் துவைத்ததுதான் தப்பு.
சிவப்பு சாயம் விட்டு வெள்ளைக்குள் புகுந்தது.
ஒன்பது நாள் கொடியில் தொங்கியும்
பிழிந்தால் இன்னும் ஒரு சொம்பு தண்ணீர்.
தண்ணீர்கூட ரோஸ் நிறம்.

பத்தாம் நாள் நைட் ஷிப்டுக்கு
அவர் அதைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு போனார்.
பேக்டரியில் இலை வாட்டும் கம்பி வலையின்மேல்,
அடியிலிருந்து சூடான காற்று ஊத,
கொழுந்துக்குப் பக்கத்தில் விரித்துப் போட்டாராம்.
ஓரம் தூக்கித் தூக்கி, மூச்சு விட்டதாம்.
இரண்டு மணிக்கு டீமேக்கர் லிங்கராஜ் ரவுண்டு வந்தார்.
வேலை போனது என்று இவர் சுவரோடு சுவராக நின்றார்.
லிங்கராஜ் குனிந்தார்,
மஞ்சள் துண்டின்மேல் ஒரு விரலை வைத்தார்.
கொஞ்ச நேரம் எடுக்கவேயில்லை.
பிறகு பேன் வேகத்தை ஒரு புள்ளி கூட்டிவிட்டு
படியிறங்கிப் போனார்.
இதை மூன்று தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டேன்.
ஒவ்வொரு தடவையும் அதே ஒரு விரல்தான்.

விடியும்போது வீட்டுக்கு வந்தது,
பச்சை இலை வாசனையோடு,
இட்லித் துணிபோல வெதுவெதுப்பாக.
வெளியே மழை
தகரத்தில் கொட்டிக்கொண்டேதான் இருந்தது.
பாயில் விரித்ததும்
அறைக்குள் யாரோ சத்தமாகச் சிரித்த மாதிரி இருந்தது.
அவர் அப்படியே விழுந்து தூங்கிவிட்டார்.
கட்டைவிரல் கொடித்துணியில், முழங்கால் முகூர்த்தத்தில்.

நானும் ஒரு ஓரத்தில் ஒண்டினேன்,
தீப்பெட்டியையும் உள்ளே வைத்துக்கொண்டு.
எழுந்து அடுப்புப் பற்றவைக்கும்போது
மூன்றாவது குச்சியே பிடித்துக்கொண்டது.