சொத்துப் பிரிவினை

மைக்கை இன்னும் கொஞ்சம் தள்ளி வைங்க.
நாங்க பேசினா எச்சில் தெறிக்கும்,
தொழில் கோளாறு.

நான் டெல்பின். பாட்டுல பேரு 'ரசீது'.
பகல்ல பீன்யாவில் கார்மெண்ட்ஸ், பட்டன் செக்கிங்.
இவன் முனிரத்னம். பாட்டுல 'மோட்டார்'.
டயர் கடை. பஞ்சர் வராத மத்தியானம்
காத்துக் குழாயைத் திறந்து மூடியே
தாளம் போடுவான். ஓனர் கரண்டு பில்லைக் காட்டுவார்.

இவன் கடைசி எழுத்துல மடக்குவான்.
நான் ரெண்டாம் எழுத்துல.
கன்னட மீடியம் படிச்சவ நான்,
அதுக்கு எதுகைன்னு பேரு இருக்கிறதே
பாட்டைக் கேட்ட யாரோ சொல்லித்தான் தெரியும்.
வருஷக்கணக்கா வீட்ல கிடந்த பொருளுக்கு
திடீர்னு பில் வந்த மாதிரி.

முதல் பாட்டு, ஸ்ரீராமபுரத்துல, இதே ரூம்.
பீரோ கதவைத் திறந்து
தொங்குற புடவைங்க நடுவுல தலையை விட்டுப் பாடினேன்.
அந்துருண்டை வாசனை இல்லாம
இன்னிக்கும் எனக்கு வரி வராது.
தண்ணி விடுற நாள்ல பக்கத்து வீட்டு மோட்டார்,
மத்த நாள்ல ரயிலு.
பதினோரு பாட்டுலயும் எங்கயாவது ஒரு நொடி
யஷ்வந்த்பூர் வண்டி போகும்.
எங்கேர்ந்து எடுத்த சத்தம்னு கேக்கிறாங்க பசங்க.
ஜன்னல்லேர்ந்துன்னேன்.

கோரமங்கலாவுல ஒரு பப்ல கூப்பிட்டாங்க.
கொஞ்சம் கன்னடம், கொஞ்சம் இங்கிலீஷ்
கலந்துக்கோங்க மேடம்னான் மேனேஜர்.
எங்க வாயில எல்லாம் ஏற்கனவே கலந்துதான் கிடக்கு,
பிரிக்கிறதுதான் கஷ்டம்னேன்.
சம்பளம் ரெண்டு கூப்பன்.
ஒண்ணு காலாவதி.

"நீங்க ரெண்டு பேரும்..."
தெரியும், எல்லாரும் இங்கதான் இழுப்பாங்க.
ஆமா, கல்யாணம் ஆச்சு.
இப்ப சித்தையா ரோடு குடும்பக் கோர்ட்டுல
எட்டு வாய்தா ஆச்சு.
ஒரே வண்டியிலதான் போவோம், பெட்ரோல் மிச்சம்.
வாசலுக்கு நூறடி முன்னால இறக்கி விட்டுடுவான்.
வக்கீல் பாத்தா கேஸ் நிக்காதாம்.

காரணமா?
மூணாவது பாட்டுல இருக்கு.
அவன் பக்கத்துக் காரணம் அஞ்சாவதுல.
அஞ்சாவதுக்குத்தான் லைக் ஜாஸ்தி,
அதுவும் ஒரு காரணம்.

போன வாய்தாவுல கூட்டுச் சொத்து என்னன்னு கேட்டாங்க.
வக்கீல் கன்னடத்துல வாசிச்சார்:
பீரோ ஒண்ணு.
கேஸ் சிலிண்டர் ஒண்ணு.
ரெக்கார்டிங் டப்பா ஒண்ணு, தவணை பாக்கி நாலு.
பாட்டு பதினொண்ணு,
இதுவரைக்கும் வருமானம் ரெண்டாயிரத்து நூத்தி நாப்பது.
ஜட்ஜம்மா கண்ணாடியைக் கழட்டினாங்க.
பாட்டை எப்படிம்மா பிரிக்கிறது?

வரி என்னது மேடம், தாளம் அவனதுன்னேன்.
சொல்லிட்டேன், ஆனா அது பொய்.
நான் ஒரே மூச்சுல பதினாறு வரி ஓடுவேன்.
பதினஞ்சரையில மூச்சு தீந்துடும்.
கடைசிச் சொல்லை அவன்தான் பின்னாலேர்ந்து பிடிப்பான்.
கேக்கிறவங்களுக்கு என் குரல் மாதிரியே இருக்கும்.
எங்களுக்குத்தான் தெரியும் நான் அங்க இல்லைன்னு.
பதினோரு பாட்டுல அப்படி
எத்தனை சொல்லுன்னு எண்ணிப் பாத்தேன் ஒரு ராத்திரி.
எண்ணிக்கை சொல்ல மாட்டேன்.
அதையெல்லாம் யார் பேர்ல எழுதுறது?

ஒரு நிமிஷம், நிறுத்துங்க.
வண்டி வருது.

...

போயிடுச்சு.
அதை வெட்டிடாதீங்க, இருக்கட்டும்.

இந்தா மோட்டார், நீ சொல்லு.
வந்ததுலேர்ந்து சும்மாவே உக்காந்திருக்க.
அவனைக் கேளுங்க தம்பி,
நான் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கிறேன்.

பீரோ மட்டும் எனக்கு.
அதை எழுதிக்கோங்க.