இன்றைய தேதி

சாத்தாங்காட்டுத் தகரக் கூரைக்கடியில்
பயிற்சி விமானத்தின் நாலு சிலிண்டர் என்ஜின்.
முதலில் ஃபில்டரை அறுத்தோம்.
மடிப்புக் காகிதத்தைப் பெட்ரோலில் அலசி
வெள்ளைத் துணியில் விரித்தால்
நெத்திலிச் செதிலாய்ப் பொடிப்பொடி மினுக்கம்.

"அலுமினியமா இருந்தா பொழச்சோம்" என்றான் அம்புரோஸ்.
காந்தத்தைக் காட்டினேன்.
எல்லாம் எழுந்து நின்றன.

அப்புறம் பேச்சில்லை, ஸ்பேனர்தான்.
பிஸ்டன் சுத்தம். கிராங்க் சுத்தம்.
பேரிங்கில் நகத்தை ஓட்டினேன், தடுக்கவில்லை.
மணலிப் பக்கம் சங்கு ஊதி ஓய்ந்தது.
கேஸைப் பிளந்ததும் தெரிந்தது:
கேம் ஷாஃப்ட்டின் மூன்றாவது மேட்டில்
அம்மைத் தழும்பு.
அதில் உரசிய டாப்பெட்டுக்கு
முகமே பெயர்ந்திருந்தது.

பறந்து தேய்ந்ததில்லை இது.
எட்டு மாதம் கடலோரம் சும்மா நின்றதில்
எண்ணெய் வடிந்து வெறுமேனியான இடத்தில்
உப்புக்காற்று வந்து குடியிருந்திருக்கிறது.

பதிவேட்டைப் புரட்டினேன்.
மாதம் ஒருமுறை,
'இயக்கிப் பார்க்கப்பட்டது. நன்று.'
எட்டு வரியும் ஒரே மை, ஒரே சாய்வு,
ஒரே உட்காரலில் எழுதியது.
கீழே அம்புரோஸின் கையெழுத்து.

அவன் ஏற்கெனவே துடைத்த கையை
இன்னும் துடைத்துக்கொண்டிருந்தான்.

காந்தத்தில் ஒட்டியதை வழித்து
மாத்திரை டப்பாவில் போட்டு மூடி
மேலே தேதி எழுதினேன்.
இன்றைய தேதியை.