ஒட்டக் கறவாமல்

நேற்று மாலை நாலரைக்குக் கப்பல் வந்தது.
நாலு இழுவைப் படகுகள் முட்டி முட்டி
அலைதாங்கிச் சுவருக்கு உட்புறம்
ஒரு தெருவையே நகர்த்தி வைத்தன.

ஷ்வினோவுய்ஷ்சேயில் மார்ச்.
சாம்பலைத் தவிர வேறு நிறம்
பால்டிக் கடலுக்கு மறந்துபோன மாதம்.
வேலைக்கு வருகிற வழியில், பேருந்து நிறுத்தத்தில்,
குட்டிகளோடு ஒரு காட்டுப்பன்றி.
ஓட்டுநர் அதற்காகவும் ஒரு நிமிடம் நிறுத்தினார்.

எனக்குக் கைகளோடு வேலை.
நாலு இரும்புக் கைகள், ஐந்து மாடி உயரம்.
மூன்று வாங்கும், ஒன்று திருப்பிக் கொடுக்கும்.
புதிதாக வருபவர்கள் அந்த நாலாவதைத்தான் கேட்பார்கள்:
வாங்குகிற இடத்தில் கொடுப்பது எதற்கு?
எடுத்த இடத்தை வெறுமையாக விட்டால்
தொட்டி தன்னையே உள்ளே இழுத்துக்கொள்ளும்.
திரவம் இறங்க இறங்க
ஆவியைக் கப்பலுக்கு அனுப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

அதற்கும் முன்னால் குளிரப் பழக்க வேண்டும்.
மைனஸ் நூற்று அறுபத்திரண்டைச்
சட்டென்று திறந்துவிட்டால் உலோகம் தாங்காது.
கொஞ்சம் கொஞ்சமாக, ஒன்றரை மணி நேரம்.
கை வெளுத்து, பூத்து, பனி கட்டி
மூட்டுக்கு மூட்டு முனகும்.
"போக்னா, அடிக்குழாய் மைனஸ் நூறு."
கப்பலிலிருந்து மெல்சோர், சரக்குப் பொறியாளன்.
ஆறு தடவை வந்திருக்கிறான், முகம் பார்த்ததில்லை.
எண்களாகவே பேசிக்கொள்கிறோம்.
எண்களிலும் ஒருவனுக்கு ஜலதோஷம் தெரியும்.

இதற்கு மணம் கிடையாது.
உங்கள் சமையலறை வரை வருகிற அந்த அழுகல் நாற்றம்
பிறகு, வழியில், யாரோ கலப்பது,
ஆபத்துக்கு ஒரு குரல் வேண்டுமே என்று.
நமக்குக் கொடுங்குளிர், இதற்குக் கொதிநிலை.
உள்ளே கொதித்துக்கொண்டேதான் இருக்கிறது.
கொஞ்சம் ஆவியாகிப் போவதால்
மிச்சம் குளிர்ந்து கிடக்கிறது.

இரவு இரண்டு பத்துக்குக் காற்று திரும்பியது.
வடமேற்கு.
திரையில் வடங்கள் ஒவ்வொன்றாக மஞ்சளாயின.
கப்பல் ஒரு முழம் விலகும், ஒரு முழம் வரும்.
கைகளும் கூடவே போய் வந்தன,
தூக்கத்தில் போர்வை இழுப்பவர்கள் மாதிரி.
எல்லை தாண்டினால் எந்திரமே அறுத்துக்கொள்ளும்:
இரண்டு வால்வுகள் ஒரே நொடியில் வாய் மூட, நடுவே பிளவு.
அதற்கு முன் மனுஷராகக் கழற்றிவிடுவது மரியாதை.
"நிறுத்துகிறோம்" என்றேன்.
"நிறுத்தியாச்சு." தும்மினான்.
பம்புகள் அடங்கின. நைட்ரஜன் விட்டு வடித்தோம்.
கழன்ற கையிலிருந்து பனி பாளம் பாளமாய் விழுந்து
கப்பல் விலாவில் வழிகிற தண்ணீர்த் திரையில் கரைந்தது.

"எவ்வளவு நிற்கிறது?"
"விட வேண்டியதைவிட ஒரு சாண் கூட. பரவாயில்லை."

எந்தக் கப்பலும் தொட்டியை ஒட்டக் கறப்பதில்லை.
அடியில் கொஞ்சம் விட்டுத்தான் திரும்பும்.
வழி நெடுக அந்தக் கொஞ்சம்தான்
குளிரை மறக்காமல் பார்த்துக்கொள்ளும்.
வற்றவிட்டால் சுவர் சூடேறிப்போகும்.
மறுபடி நிரப்புமுன் தெளித்துத் தெளித்து ஆற்ற வேண்டும்,
பொறுமை உள்ளவர்கள்.

அக்டோபரில், வீட்டைப் பிரித்த அன்று,
நானும் ஜானெட்டாவும்
ஒரு சொல் மிச்சம் வைக்காமல் பேசிவிட்டோம்.
அப்பா, பணம்,
அவள் கல்யாணத்தில் நான் போட்டிருந்த காலணி வரை.
ஆற்றின் அந்தக் கரையில் அவள், இந்தக் கரையில் நான்.
நடுவில் படகு போகிறது. கட்டணம்கூட இல்லை.

துறைமேடையில் கைபேசி கூடாது.
ஆறு மணிக்குப் பெட்டகத்தைத் திறந்தேன்.
இரண்டு முப்பத்தொன்றுக்கு வந்திருக்கிறது,
ஐந்து மாதத்தில் முதல் செய்தி:
'அங்கே காற்று அதிகமா?'

கையுறையைக் கழற்றினேன். விரல்கள் மரத்திருந்தன.
எழுத நிறைய வந்தது.
சட்டென்று திறக்கக் கூடாது.

'வடமேற்கு. இப்போது பரவாயில்லை.'

உடைமாற்றி, வெளியே வந்து,
நிறுத்தம் வரை நடந்த பிறகு இன்னொரு சொட்டு:

'பன்றிக்கு ஐந்து குட்டி.'