துண்டு

ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டி
முத்தையன்கட்டு முழுக்க மூன்று நாள் சுற்றினார்கள்.
வலதுகரையில் நாய்கள்தான் பின்னால் ஓடின.
பணிமனை தந்த துண்டுப்பிரசுரம்
கனகேசு அக்காவின் மில்லில் நாலாய்க் கிழிந்து
மிளகாய்த்தூள் சுற்றி வீடுவீடாகப் போனது.
அப்படிப் பார்த்தால்
எல்லா வீட்டுக்கும் செய்தி போய்ச் சேர்ந்ததுதான்.

எனக்கு வேலை அட்டை எழுதுவது.
பேர், அடையாள அட்டை இலக்கம், திகதி, தொகுதி எண்.
பள்ளிக்கூடத்தில் ஆண்டு நாலின் வாங்கில்,
முழங்கால் மேசையில் இடிக்க.
முதல் நாள் முப்பத்தியொரு பேர்.
பாதிப்பேர், அட்டை இல்லாமல்
கார்மென்ட்ஸ் பஸ்ஸில் ஏற்றமாட்டார்கள் என்று வந்த பிள்ளைகள்.
ஒருவருக்கு மாடு விற்கப் பரந்தன் போகவேணும்.
ஒருவர் வாயே திறக்கவில்லை.
அவர் தம்பியை முகம் காட்டாமல்
எரிக்கக் கொண்டுபோன கிழமை அது.

மற்றவர்கள் மில்லுக்குப் போனார்கள்.
மில் ஓடும்போது கத்தித்தான் கதைக்கவேணும்.
கத்திச் சொன்னால் எதுவும் உண்மைபோலத்தான் கேட்கும்.
ரெண்டு வருசந்தானாம்.
பிள்ளை தங்காதாம்.
சீனாக்காரன் மிஞ்சினதைத்தான் அனுப்பினவனாம்.
ஊசி போடுற இடத்தில ஆமிக்கு என்ன வேலை?
கடைசிக் கேள்விக்கு என்னிடமும் பதில் இல்லை.

டொக்டர் மில்லுக்கே வந்தார்.
நூற்றுக்கு இத்தனை என்று விளக்கினார்.
"கணக்குச் சரி ஐயா" என்று அக்கா
அடுத்த கிலோ மிளகாயைக் கொட்டினா.
தும்மித் தும்மி அவர் வெளியே வர
சனம் விலகி வழி விட்டது.

மூன்றாம் நாள் பின்னேரம்
பெயர்ப் பட்டியலோடு நான் போனேன்.
பட்டியலைக் கண்டதும் அவ சுவிச்சை இறக்கினா.
அந்தச் சத்தம் நின்றால்
ஊருக்கே காது அடைத்ததுபோல் இருக்கும்.

"பாலம் கடந்து வரேக்கையும்
ஒரு கொப்பி வைச்சிருந்தவங்கள், பிள்ளை.
நான்தான் பேரைச் சொன்னனான்.
பிழைச்சுப் போகக்கூடாதெண்டு ரெண்டு தரம் சொன்னனான்.
துஷ்யந்தன். பத்தொன்பது வயசு.
எழுதினவங்கள்.
எனக்கொரு துண்டு தரேல்லை.
நானும் கேக்கேல்லை."

கொஞ்சம் பொறுத்து,
"இதுக்குத் துண்டு தருவியோ?"

அட்டையைக் காட்டினேன்.
தொகுதி எண் எழுதும் கட்டத்தை,
கையொப்பக் கோட்டை
விரலால் தடவித் தடவிப் பார்த்தா.
தொட்ட இடமெல்லாம் சிவந்த தூள்.
"ஏதும் நடந்தா ஆற்ற பேர் இதில இருக்கும்?"
"ஊசி போட்டவவின்ர. எழுதின என்ர."
"உனக்குப் போட்டாச்சோ?"

அறுபத்தெட்டு அட்டை எழுதியிருந்தேன்.
என்னுடையதை எழுதவில்லை.
கலியாணமாகி நாலு வருசம்.
பிள்ளை தங்காதாம் என்று மில் சொன்னதை
நானும்தான் கேட்டிருந்தேன்.
மில் நின்றிருந்தபடியால்
மெல்லவே சொல்ல முடிந்தது.

அவ சிரிக்கவில்லை. ஏசவுமில்லை.
கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் சொருகி
"நட" என்றா.

வாசலில் நின்ற ஆமிப் பெடியன்
தன் கதிரையை இழுத்துப் போட்டான்.
அவ இருக்கவில்லை.
நின்றபடி சட்டைக் கையைச் சுருட்டி
ஊசி இறங்குவதைக் கண் வெட்டாமல் பார்த்தா.
பிறகு நான்.
என் அட்டையை அவதான் எழுதினா,
கோணல் எழுத்தில்,
தொகுதி எண்ணை வாய்விட்டு ரெண்டு தரம் சொல்லி.

அடுத்த நாள் வரிசை
சைக்கிள் கொட்டில் தாண்டி நின்றது.
நோயைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.
"அக்காவுக்குக் குடுத்த துண்டு
எங்களுக்கும் தருவியளோ?"

வராதவர்களும் உண்டு.
சங்கக்கடை மனேச்சர் கடைசிவரை வரவில்லை.
சுகமாகத்தான் இருக்கிறார்.
காணும்போதெல்லாம் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்.

மில்லில், மீற்றர்ப் பெட்டிக்கு மேலே,
பொலித்தீன் பைக்குள் ஆணியில் தொங்குகிறது அந்த அட்டை.
பக்கத்தில் இன்னோர் ஆணி, வெறுமையாய்.
அதென்ன அக்கா என்றேன்.
"அது கிடக்கட்டும்" என்று சுவிச்சைப் போட்டா.